சேவலும் ஆங்கிலத்திற் கூவ வேண்டுமோ?

கரிபியக் கடலில் புவெர்த்தோ இரிக்கோ என்றொரு தீவு உண்டு. அங்கு வாழ்வோர் 30 இலக்கத்திற்கு மேற்பட்ட மக்கள். அவர்தம் தாய்மொழி இசுபானியம். அத்தீவின் எழுத்தாளர் அபெலார்தோ தியாசு அல்பாரோ என்பார் 1947-இல் வெளியிட்ட ‘தெராசோ’ என்னும் தொகுப்பில் பெயோ மெர்சே என்னும் ஆசிரியரைப் பற்றிய கதையொன்று உள்ளது. மலைச் சிற்றூர்ப் பள்ளி, ஏழைப் பிள்ளைகள், ஆசிரியரும் ஏழையே. இனி அப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தே தீர வேண்டுமென மேலலுவலரின் ஆணை வருகிறது. பெயோ மெர்சே அறிந்த ஆங்கிலமோ அரைகுறை. பாடநூலைப் புரட்டிப் பார்க்கிறார். ஒரு சேவலின் படம் கண்ணிற் படுகிறது. சேவலை அறியாத மலைச் சிறுவனும் உண்டோ என்று உள்ளம் தேறி, ஆங்கிலச் சேவல் கூவுமாறு கூவிக் காட்டுகிறார்: ‘காக்-அ-டூடுல்-டூ’. உடனே ஒரு சிறுவன் எழுகிறான். அது வேற்றினச் சேவலாயிருக்க வேண்டும், தன் வீட்டுச் சேவல் ‘கொக்கொரொக்கோ’ என்றன்றோ தெளிவாகக் கூவுகிறது என்கிறான்.

கொக்கரக்கோ எனக் கூவும் சேவலைக் கேட்டே துயிலெழுந்த தமிழர்க்கு அச்சிறுவன் அயலான் அல்லன்.

நகைத்துவிட்டு மறந்துவிடத் தக்க கதையன்று இது. ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் ஒரு நாட்டுப் பிள்ளைகளின் நாவின்மேல் நடத்தப்பட்ட ஆட்சிக் கொடுமையை அக்கதை சில பக்கங்களில் அடக்கிக் காட்டுகிறது. ‘ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்க வேண்டும், பிற பாடங்களையும் ஆங்கிலத்திற் கற்றால் ஆங்கில அறிவு தானே வளரும்’ என்று முழங்குவோர் உலகெங்கும் உளர். அவர்கள் சொல்வது பொய் என்பதைப் பட்டறிவால் மெய்ப்பித்துக் காட்டியுள்ள நாடுகளுள் புவெர்த்தோ இரிக்கோ முதன்மையானது. ஆயினும், அதன் வரலாற்றை அவர்கள் மறந்தும் எடுத்துரையார்.

1898 சூலைத் திங்களில் அமெரிக்கப் படை அத்தீவில் இறங்கிற்று. அவ்வாண்டு திசம்பரில் பாரிசு நகரிற் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, இசுபெயின் அரசு தீவினை அமெரிக்க ஒன்றிய நாடுகளின் கையில் ஒப்படைத்தது. கொடுத்தவரும் மக்களை ஒரு சொல் வினவவில்லை, கொண்டவரும் வினவவில்லை. புதிய ஆட்சியினர் முதலிற் கைவைத்தது நாட்டின் பெயரிலேயே. ‘புவெர்த்தோ’ என்பது துறைமுகத்தைக் குறிக்கும் இசுபானியச் சொல். அமெரிக்க நாவிற்கு அஃது எளிதில் வாராமையின், ‘போர்ட்டோ’ எனத் திரித்துக் கொண்டனர். ஆட்சி ஏடுகளில் அத்திரிபு 1932 வரை நிலைத்திருந்தது. அவ்வாண்டிற்றான் அமெரிக்கப் பேராயம் பழம்பெயரை மீட்டுத் தந்தது. தூத்துக்குடி ‘தூட்டிக்கொரின்’ ஆன கதையை அறிந்தோர்க்கு இதன் உட்பொருளை விரித்துரைக்க வேண்டா.

பெயரைத் திரித்த கையோடு மொழியையும் பழிக்கத் தொடங்கினர். தொடக்கத்திற் கல்வித் துறையைக் கையேற்றிருந்த விக்டர் கிளார்க்கு என்பார், தீவு மக்கள் பேசுவது தூய இசுபானியமே அன்று, அது வெறுங் கொச்சை, மத்ரீதிலும் பார்சலோனாவிலும் உள்ளவர்க்கு ஏறத்தாழ விளங்காதது, அதில் இலக்கியமும் இல்லை என்னும் கருத்துப்பட எழுதினார். பார்சலோனா மக்களின் தாய்மொழி கத்தலானியம் என்பதையேனும் அவர் அறிந்திருந்தாரா என்பது ஐயம்! ஒரு மொழியை அகற்ற விரும்புவோர், அது மொழியே அன்று என்று முதலில் நிறுவ முயல்வர். கொச்சை என்பர், வளமில்லை என்பர், அறிவியலுக்கு ஆகாது என்பர். இப்பல்லவியைத் தமிழரும் கேட்டதுண்டு. கேட்ட குரல்கள்தாம் வேறு.

1902-இல் ஆங்கிலமும் இசுபானியமும் ஆட்சிமொழிகள் என்று சட்டம் செய்தனர். தீவின் கல்வி ஆணையரை அமர்த்தும் உரிமை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கையில் இருந்தது. பால்க்குனர் என்பார் ஆணையராயிருந்த 1904–1907 காலத்தில் முதல் வகுப்புத் தொட்டே ஆங்கிலம் பயிற்றுமொழியாக்கப்பட்டது. கணக்கும் ஆங்கிலத்தில், நிலநூலும் ஆங்கிலத்தில், வரலாறும் ஆங்கிலத்தில். கற்பித்தவரோ அத்தீவின் இசுபானிய ஆசிரியரே. அவர்கள் தாமே ஆங்கிலத் தேர்வுக்கு அமரும் நிலைக்கு ஆளாயினர். 1904 கோடையில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியரைக் கப்பலேற்றி, ஆர்வர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினர். ஒரு கோடையிற் கற்ற ஆங்கிலத்தைக் கொண்டு, ஆண்டு முழுதும், அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது யாங்ஙனம்? ஆசிரியர் தம் கருத்தைத் தெளிவாய்ச் சொல்ல முடியாது. மாணவர் தம் ஐயத்தை வாய்விட்டுக் கேட்க முடியாது. இருவரும் ஒரே மொழியினர். ஒரே தெருவினராகவும் இருத்தல் கூடும். அவர்க்கிடையில் ஆணையொன்று சுவராக நின்றது. பனி படியாத வெப்பத் தீவின் பள்ளிகளில் அமெரிக்கக் கொடி வணக்கமும் வாசிங்டன் பிறந்தநாள் விழாவும் தவறாது நடந்தன.

எதிர்ப்பு எழாமல் இல்லை. பாவலரும் தீவின் மக்களவைத் தலைவருமான ஒசே தே தியேகோ 1915-இல் இசுபானியத்தைப் பயிற்றுமொழியாக்கும் சட்ட முன்வரைவைக் கொணர்ந்தார். அஃது ஈடேறவில்லை. அதற்கு ஆதரவாகக் கையொப்பம் திரட்டிய மாணவன் ஒருவன் தலைநகர் உயர்நிலைப் பள்ளியொன்றினின்று வெளியேற்றப்பட்டான். உடன் பயின்றோர் பள்ளியைப் புறக்கணித்து எழுந்தனர். தாய்மொழியில் கற்பிக்கத் தனிக்கல்வி நிலையமொன்று ஒசே தே தியேகோவின் பெயராலேயே தோன்றிற்று. தாய்மொழியிற் கற்பியுங்கள் என்று கையொப்பம் கேட்டது பள்ளியை விட்டுத் துரத்தத் தக்க குற்றமாயிற்று என்பதை நினைக!

இனி, மொழி கற்பித்தல் என்னும் முறையிலேயே இவ்வேற்பாடு எத்துணை அறிவின்மை உடையது என்பதைச் சற்று விரிவாகக் காண்டல் வேண்டும். ஏனெனில், பயிற்றுமொழிக் கொள்கையர் தம்மைக் கல்வி வல்லார் எனச் சொல்லிக்கொண்டுதான் வருகின்றனர்.

இசுபானியச் சிறுவன் ஆங்கிலம் படிக்கும்போது அவன் வாயில் முதலில் எழும் ‘பிழை’ எது? பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அவன் ‘எசுகூல்’ என்பான். நாட்டின் பெயரை ‘எசுபெயின்’ என்பான். சகர ஒலியை அடுத்து மெய்யெழுத்து வரும் சொல் எதுவாயினும், அதன் முன் ஓர் எகரத்தைச் சேர்த்தே ஒலிப்பான். ஆசிரியர் கடிந்துகொள்வார்; உடன் படிக்கும் அமெரிக்கப் பிள்ளை நகைப்பான். ஆனால், அந்த எகரம் சோம்பலால் வந்ததன்று, அறியாமையால் வந்ததுமன்று. இலத்தீனத்தில் ‘சுகோலா’ என மெய்ம்மயக்கத்தோடு தொடங்கிய சொல் இசுபானியத்தில் ‘எசுக்குவேலா’ ஆயிற்று. உயிர்ப்பைக் குறித்த இலத்தீனச் சொல் ‘எசுப்பீரித்து’ ஆயிற்று. நாட்டின் பெயரே ‘எசுப்பான்யா’ ஆயிற்று. ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக அம்மொழி காத்துவரும் ஒலிச்சட்டம் அது. மெய்யெழுத்துத் தனித்து மொழிக்கு முதலாகாது எனத் தொல்காப்பியர் வரம்பிட்ட மொழியைப் பேசுவோர்க்கு இதை உணர்வது எளிது. தமிழ்ச் சிற்றூர்க் கிழவி ‘இசுகூல்’ என்கிறாள். இசுபானியச் சிறுவன் ‘எசுகூல்’ என்கிறான். ஒருத்தி இகரம் சேர்த்தாள். மற்றவன் எகரம் சேர்த்தான். இருவர் வாயிலும் அவரவர் இலக்கணமே பேசுகிறது. அதைப் பிழையென்று எள்ளுவோர் ஆங்கில ஒலியை அறிந்தவராயிருக்கலாம்; மொழியியல்பை அறிந்தவர் ஆகார்.

அடுத்து, எழுவாய். இசுபானியத்தில் வினைச்சொல்லின் ஈறே ‘யார்’ என்பதைக் காட்டிவிடும். தமிழில் ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ என்பது தோன்றாது நிற்பது போன்றதே அது. மழையைச் சொல்லுமிடத்து இசுபானியர் ஒற்றை வினையாற் சொல்லி முடிப்பர். தமிழில் ‘தூறுகிறது’, ‘குளிர்கிறது’ என்பனபோல. ஆங்கிலமோ எழுவாய் இல்லாவிடத்தும் ஒன்றைப் படைத்து நிறுத்தியே தீரும். ‘அது மழைபெய்கிறது’ என்றாற் போலச் சொல்லும். எது பெய்கிறது என்று கேட்டால் விடை இல்லை. அகவையைச் சொல்ல இசுபானியன் ‘இருபது ஆண்டு உடையேன்’ என்பான். தமிழன் ‘எனக்கு இருபது அகவை’ என்பான். இருவர்க்கும் ஆண்டு என்பது உடைமை. ஆங்கிலனோ ‘நான் இருபதாயிருக்கிறேன்’ என்னும் போக்கிற் பேசுவான். பசிக்கும் அவ்வாறே, இசுபானியன் பசியை உடையவன், தமிழனுக்குப் பசி வந்து சேர்கிறது, ஆங்கிலன் மட்டும் தானே பசித்தவனாகி நிற்பான். இவற்றுள் எதுவும் உயர்ந்ததன்று, எதுவும் தாழ்ந்ததன்று. ஆனால், இவ்வேறுபாட்டை மாணவனுக்கு எடுத்துச் சொல்ல அவன் மொழி தெரிந்த ஆசிரியர் வேண்டும். அவன் மொழியிற் சொல்லவும் இசைவு வேண்டும். ‘உன் மொழி இவ்வாறு சொல்லும், இம்மொழி அவ்வாறு சொல்லும்’ என்று ஒரு முறை ஒப்பிட்டுக் காட்டினால், அரை நாழிகையில் விளங்குவது, தாய்மொழியை வகுப்பறை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னால், ஆண்டுக்கணக்கில் விளங்காது. மாணவன் ஒப்பித்துக் கொண்டிருப்பான், உணரமாட்டான்.

சொற்களிலும் இந்நிலையே. இருமொழிக்கும் பொதுவான இலத்தீனச் சொற்கள் பல. அவை துணையாவதும் உண்டு. காலை வாரிவிடுவதும் உண்டு. ‘எக்சித்தோ’ என்றால் இசுபானியத்தில் வெற்றி. அதனையொத்த ‘எக்சிட்’ என்பது ஆங்கிலத்தில் வெளியேறும் வழி! இரண்டும் ஒன்றெனக் கருதி எழுதிய மாணவனைத் திருத்துவதற்கு அவன் எங்கே வழுக்கினான் என்பது தெரிந்திருத்தல் வேண்டும். இசுபானியம் அறியாத அமெரிக்க ஆசிரியருக்கு அது தெரியாது. இசுபானியம் அறிந்த தீவின் ஆசிரியருக்கோ அதைச் சொல்ல இசைவு இல்லை.

எழுத்துமுறையைப் பற்றியோ சொல்லவே வேண்டா. இசுபானியத்தில் உயிரொலி ஐந்து. எழுதியவாறே பெரிதும் படிக்கலாம். ஆங்கிலத்தில் உயிரொலிகள் அதனினும் பன்மடங்கு. எழுத்தோ அதே ஐந்து. ‘தோ’, ‘த்ரூ’, ‘காஃப்’, ‘பௌ’ என்று நால்வகையாக ஒலிக்கும் நான்கு சொற்கள் — ‘ஆயினும்’, ‘ஊடாக’, ‘இருமல்’, ‘மரக்கிளை’ எனப் பொருள்படுவன — நான்கும் ஒரே நான்கெழுத்தில் முடிகின்றன. தன் மொழியில் ஓரிரு திங்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்துகொள்ளும் குழந்தையை, முதன்முதற் படிக்கும் கலையையே இவ்வெழுத்துக் காட்டிற்குட் கொண்டுபோய் விட்டுப் பயிற்றுவது கல்வியா? கண்கட்டு ஆட்டமா?

இனி விளைவைப் பார்ப்போர் பார்க்கட்டும். 1910-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தீவினருள் ஆங்கிலம் பேசத் தெரிந்தோர் நூற்றுக்கு நால்வர்கூட இலர். 1940-இல் அது நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தெட்டாயிற்று. ‘வளர்ந்ததன்றோ?’ என்று பயிற்றுமொழிக் கொள்கையர் துள்ளலாம். அரசின் முழு ஆற்றலும், பள்ளிகள் அனைத்தும், இரண்டு தலைமுறைப் பிள்ளைகளின் இளமையும் கொட்டப்பட்ட பின் நூற்றுக்கு எழுபத்திருவர்க்கு அம்மொழி பேச வரவில்லை என்பதே அதன் பொருள். 1925-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி வல்லுநர் தீவின் பள்ளிகளை ஆராய்ந்தனர். அவர்கள் அமெரிக்கர், இசுபானியப் பற்றினால் பேசியவர் அல்லர். பெரும்பாலான பிள்ளைகள் மேல்வகுப்பிற்குச் செல்லுமுன்னரே பள்ளியை விட்டு நீங்குவதை அவர்கள் கண்டனர். நான்காம் வகுப்பிற்கு முன் ஆங்கிலத்தைத் தொடங்கவே வேண்டா என்று பரிந்துரைத்தனர். ஓரிரு ஆண்டே பள்ளியில் இருக்கப்போகும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அவ்வோரிரு ஆண்டையும் புரியாத மொழியிற் செலவிடச் செய்தால், அவன் ஆங்கிலமும் கல்லான். தன் மொழியில் ஒரு மடல் எழுதவும் கல்லான். களவு போனது மொழி மட்டுமன்று. அவன் வாழ்நாளிற் பெற்றிருக்கக் கூடிய முழுக்கல்வியுமே.

ஒசே பதீன் என்னும் ஆணையர் 1934-இல் எட்டாம் வகுப்பு வரை இசுபானியத்தைப் பயிற்றுமொழியாக்கினார். ஆங்கிலத்தைத் தனிப்பாடமாகச் செம்மையாய்க் கற்பிக்க முனைந்தார். அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. 1937-இல் புதிய ஆணையராக ஒசே கல்லார்தோவை அமர்த்தியபோது, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உரூசுவெல்ட்டு அவருக்கு ஒரு மடல் விடுத்தார். அமெரிக்கக் கொடியின்கீழ் முப்பத்தெட்டு ஆண்டு கழிந்தும், பன்னூறாயிரவர்க்கு ஆங்கில அறிவு இல்லையே என்று அதில் வருந்தினார். தோல்வியை எதிரியின் கையெழுத்தாலேயே ஒப்புவித்த ஆவணம் அது! ஆனால், அவர் கண்ட மருந்து என்ன? ஆங்கிலத்தை இன்னும் முனைந்து புகட்டுக என்பதே. நஞ்சு பலிக்கவில்லை என்று மருத்துவன் அளவைக் கூட்டினான். சென்னை மாநிலத்தில் இந்தியைக் கட்டாயமாக்கும் அறிவிப்பு எழுந்ததும் அதே 1937-இல் என்பதைத் தமிழர் மறந்திரார். பேரரசுகட்கும் நடுவணரசுகட்கும் எண்ணம் ஒரே காலத்தில் ஒரே தடத்தில் ஓடுவது வியப்பன்று.

இரு மொழியிலும் காலூன்றாத தலைமுறையின் வாயில் பிறந்தது கலப்பட நடை. அதற்கு ‘எசுபாங்கிலீசு’ என 1948-இல் பெயரிட்டு எள்ளியவர் சால்வதோர் தியோ என்னும் அத்தீவின் எழுத்தாளரே. இன்று அப்பெயர் உலகெங்கும் வழங்குகிறது. அதை ஒரு பெருமைபோலச் சொல்லித் திரிவோரும் உளர். தமிங்கிலத்தை நாகரிகம் என்பார்க்கு அவர்கள் உறவினர்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படும். ‘இசுபானியம் மட்டும் அத்தீவின் மண்ணிற் பிறந்ததா? அதுவும் வந்தேறி மொழியன்றோ?’ என்பர். உண்மையே, அதை மறைக்க வேண்டுவதில்லை. அத்தீவின் பழம்பெயர் பொரிக்கேன். அங்கு வாழ்ந்த தாயினோ மக்கள் தம் மொழியோடு அழிக்கப்பட்டனர். கொலம்பசு கடலேறிய 1492-ஆம் ஆண்டிலேயே அந்தோனியோ தே நெபுரிகா இசுபானிய இலக்கணத்தை இயற்றி அரசி இசபெல்லாவிற்குப் படைத்தார். மொழி எக்காலத்தும் பேரரசின் துணையாய் வந்தது என்னும் கருத்தை அதன் முன்னுரையில் வெளிப்படையாகவே வைத்தார். 1770-இல் இசுபெயின் மன்னர் மூன்றாம் சார்லசு, அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மொழிகள் அழிந்து இசுபானியமே நிலைபெற வேண்டுமென ஆணையிட்டார். இசுபானியத்தின் கை தூய கையன்று. ஆயினும், இதனால் விளங்குவது என்ன? முதல் திருடன் பறித்ததனால் இரண்டாம் திருடனுக்கு உரிமை வந்துவிடுமா? நானூறு ஆண்டு கழிந்து தாயின் மடியிலேயே இசுபானியம் கேட்ட குழந்தைக்கு அதுவே தாய்மொழி. அதன் நாவைப் பறிப்பது இரண்டாவது கொலை. தாயினோ மொழி இறந்தும் சில சொற்களை விட்டுச் சென்றது; படகிற்கும் தொங்கு படுக்கைக்கும் பெருஞ்சூறைக்கும் அம்மக்கள் வழங்கிய பெயர்களே இசுபானியத்திற் புகுந்து, அதன் வழியே ஆங்கிலத்திற்கும் போயின. ஆங்கிலமே உலகின் களஞ்சியம் என்போர் அக்களஞ்சியத்தின் மணிகள் எவர் வயலில் விளைந்தன என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

மற்றொரு தடையும் உண்டு. அது சற்று நேர்மையானது. ‘ஆங்கிலமே கற்க வேண்டா என்கிறீர்களா?’ என்பது. அவ்வாறு எவரும் சொல்லவில்லை. ஆங்கில இலக்கியத்தின் உயர்வை மறுப்பதும் பேதைமை. ஆனால், அதனை உண்மையாகக் கற்றுச் சுவைத்து, தம் இனத்திற்கும் பயன்படச் செய்தோர் யாவர் என்று பார்த்தல் வேண்டும்.

ஆந்திரேசு பெல்லோ என்னும் வெனிசுவேலா நாட்டுப் பேரறிஞர் 1810 முதல் 1829 வரை இலண்டனில் வாழ்ந்தார். பத்தொன்பது ஆண்டு ஆங்கிலக் கடலில் மூழ்கியிருந்தும் அவர் ஆங்கிலராகித் திரும்பவில்லை. சிலி நாட்டிற் குடியேறி, 1847-இல் அமெரிக்கக் கண்டத்து இசுபானியருக்கென்று இசுபானிய இலக்கணம் ஒன்று வகுத்தார். அதுகாறும் இசுபானிய இலக்கணத்தார் இலத்தீன அச்சில் தம் மொழியை வார்த்துக் கொண்டிருந்தனர். இலத்தீனப் பெயர்ச்சொற்கு வேற்றுமைத் திரிபுகள் உண்டு. இசுபானியப் பெயர்ச்சொற்கு அவை இல்லை. இருந்தும், இருப்பனபோல் எழுதி வைத்தனர். பெல்லோ அந்தத் தளையை அறுத்தார். ஒரு மொழியின் இலக்கணத்தை அம்மொழியிலிருந்தே காண வேண்டும் என்றார். தமிழை வடமொழி அச்சில் வார்க்க முயன்ற வீரசோழியத்தை அறிந்தோர்க்குப் பெல்லோவின் பெருமை நன்கு விளங்கும். அயன்மொழி நடுவே வாழ்ந்தவர்தம் மொழியைக் கண்டுகொண்ட விந்தை அது. தம் மொழியில் ஆழக் காலூன்றிய பின்னரே அவர் அங்குச் சென்றார் என்பதும் கருதத் தக்கது.

கியூபா விடுதலை வீரரும் பாவலருமான ஒசே மார்த்தி தம் வாழ்வின் கடைசிப் பதினைந்தாண்டின் பெரும்பகுதியை நியூயார்க்கிற் கழித்தார். ஆங்கிலம் கற்றார், ஆங்கில இலக்கியத்தைக் கரைகண்டார். 1882-இல் எமர்சன் மறைந்தபோதும், 1887-இல் வால்ட் விட்மனைப் பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகளே அவ்விருவரையும் இசுபானிய உலகிற்கு எடுத்துக் காட்டின. எழுதியது எம்மொழியில்? இசுபானியத்தில். எலன் அண்டு சாக்சன் எழுதிய ‘இரமோனா’ என்னும் ஆங்கிலப் புதினத்தை 1888-இல் இசுபானியத்திற் பெயர்த்துத் தந்தவரும் அவரே. அயலார் தோட்டத்திற் பறித்த கனியைத் தம் வீட்டிற்குக் கொணர்ந்தார். தம் வீட்டை விற்று அயலார் தோட்டத்திற் காவலாளாய் அமரவில்லை.

இவ்விருவரில் ஒருவரேனும் ஆங்கிலப் பயிற்றுமொழிப் பள்ளியில் உருவானவர் அல்லர். ஐம்பதாண்டு ஆங்கிலப் பயிற்றுமொழி புவெர்த்தோ இரிக்கோவுக்குத் தந்த ஆங்கில இலக்கியம் யாது எனக் கேட்டால், கொள்கையர் தலையைச் சொறிவர். அக்காலத்தின் நிலைத்த படைப்புகளுள் ஒன்றோ, முதலிற் கண்ட சேவற் கதை. அதுவும் இசுபானியத்தில்!

போராட்டம் ஒருவாறு கனிந்தது. 1946-இல் தீவின் சட்டமன்றம் இசுபானியத்தைப் பயிற்றுமொழியாக்கிச் சட்டம் இயற்றிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் துரூமன் அதனை மறுத்துத் தள்ளினார். 1948 தேர்தலில் முதன்முறையாக மக்களே தம் ஆளுநரைத் தேர்ந்தனர். அவ்வாறு வந்த இலூயிசு முன்யோசு மரீன் 1949-இல் மரியானோ வில்லாரோங்காவைக் கல்விப் பொறுப்பில் அமர்த்த, அவர் ஓர் ஆணையால் எல்லா வகுப்புகளிலும் இசுபானியமே பயிற்றுமொழி, ஆங்கிலம் ஒரு கட்டாயப் பாடம் என்று செய்தார். ஐம்பதாண்டு இழுபறி ஒரே ஆணையில் முடிந்தது. முன்னரே முடிந்திருக்கலாம், முடிக்கும் உரிமை மக்கள் கையில் இல்லை. வேறு கரணியம் இல்லை.

1991 ஏப்பிரலில் இசுபானியம் ஒன்றே ஆட்சிமொழி எனச் சட்டம் வந்தது. இசுபெயின் நாட்டின் அசுதூரியாசு இளவரசர் இலக்கியப் பரிசு அவ்வாண்டு எழுத்தாளர் எவர்க்கும் அளிக்கப்படாமல், புவெர்த்தோ இரிக்கோ மக்களுக்கே அளிக்கப்பட்டது. மொழியைக் காத்ததற்காக ஒரு மக்களினமே இலக்கியப் பரிசு பெறுவது எளிதிற் காணக் கூடியதன்று. ஆனால், 1993 சனவரியிலேயே ஆட்சி மாறி, ஆங்கிலம் மீண்டும் இணை ஆட்சிமொழியாயிற்று. 2012-இல் ஆளுநர் ஒருவர் பத்தாண்டுகளில் அரசுப் பள்ளிப் பாடங்களை ஆங்கிலத்திற்கு மாற்றப்போவதாக அறிவித்தார். அவ்வாண்டு தேர்தலில் தோற்று நீங்கினார். 2025 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆங்கிலத்தை ஒன்றிய நாடுகளின் ஆட்சிமொழியாக அறிவித்து ஆணை பிறப்பித்துள்ளார். இத்தனைக்கும் பின்னர், தீவில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் வீட்டில் இசுபானியமே பேசுகின்றனர்.

பள்ளி மீண்டது, வழக்குமன்றம் முழுதும் மீளவில்லை. தீவின் உச்ச வழக்குமன்றம் தன் ஆளுகையிலுள்ள மன்றங்களின் மொழி இசுபானியமே என 1965-இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால், அமெரிக்க நடுவணரசின் வழக்குமன்றம் ஒன்று அத்தீவிலேயே தனியே இயங்குகிறது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, அதன் நடவடிக்கைகள் இன்றும் ஆங்கிலத்திலேயே நடத்தப்பட வேண்டும். குற்றம் உண்டு, இல்லை எனச் சொல்லும் குடிமக்கள் குழுவில் ஆங்கிலம் அறியாதவர் அமர முடியாது; எனவே, தீவினருள் பெரும்பாலோர்க்கு அங்கு இருக்கை இல்லை. கூண்டில் நிற்பவன் இசுபானியன்; சான்று சொல்பவன் அவன் அண்டைவீட்டான். அவன் இசுபானியத்திற் சொன்னதை நடுவரும் வழக்குரைஞரும் காதாற் கேட்டுத் தெளிவாகவே உணர்ந்தாலும், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதனை ஆங்கிலமாக்கிச் சொன்ன பின்னரே அது சான்றாக ஏட்டில் ஏறுகிறது.